வெள்ளி கிரகம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை எடுப்பதில்லை

அந்த வியாழக்கிழமை மாலை ஏழேகால் மணிக்கு எங்கள் நாகர்கோவில் பதிப்பின் செய்தி மேசையில் மூன்று பேர் இருந்தோம். செய்தி ஆசிரியர், பக்கம் கட்டுகிற செல்வின், நான். தொலைபேசியில் இரண்டு நிமிடம் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவரும் இருந்தார். வெளிச்சத்தைப் பார்த்த பெண் அங்கே இல்லை. அவள் பார்த்த கடலில் ஒரு நாளாவது இறங்கி வேலை செய்த எவரும் அங்கே இல்லை. அவர்களைக் கூப்பிட வேண்டும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவும் இல்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மறுநாள் அச்சில் வந்த தவறு முழுவதும் இந்த வருகைப் பதிவிலேயே இருக்கிறது.

இந்த மாதம் மேசையில் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்காகவும் இதை எழுதுகிறேன். எனக்கு வயது முப்பத்தொன்று. எட்டு வருடம் இந்த வேலையைச் செய்துவிட்டு நான் "என் அனுபவத்தில்" என்று தொடங்கினால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். வேலையை விட்டுப் போகிறவன் ஓய்வுபெற்றவனுக்குச் சமம். சம்பளப் பயம் இல்லாமல் பேசலாம். செய்தி எழுதுவது எப்படி, பக்கம் அனுப்புவது எப்படி என்பதையெல்லாம் செல்வின் ஒரு வாரத்தில் கற்றுத் தந்துவிடுவார். அவர் கற்றுத் தர முடியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

வினோதமான செய்தி எது வந்தாலும் அதன் அடியில் நான்கு பக்கமும் கோடு போட்டு ஒரு விளக்கம் வைப்பது நம் பதிப்பின் வழக்கம். விளக்கப் பெட்டி என்று பெயர். அதற்கென்று ஒரு கோப்பும் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். கிணற்றில் வெந்நீர் வந்தால் இன்ன காரணம், சிலையில் நீர் வடிந்தால் இன்ன காரணம். வானத்தில் வெளிச்சம் என்றால் நான்கு காரணங்கள் தயாராக இருக்கும்: வெள்ளி கிரகம், ட்ரோன், செயற்கைக்கோள், திருவனந்தபுரத்தில் இறங்கப் போகிற விமானம். நேரத்துக்கு எது பொருந்துகிறதோ அதை எடுத்து வைக்க வேண்டியதுதான்.

இந்தப் பெட்டி என் பொறுப்புக்கு வந்தது ஒரு வெற்றியால். நான் சேர்ந்த இரண்டாம் வருடம், பேச்சிப்பாறை அணைக்கு மேலே மலைச்சரிவில் விடியற்காலையில் வெளிச்சப் புள்ளிகள் வரிசையாக மிதக்கின்றன என்று ஒரு வீடியோ எல்லோருடைய கைபேசியிலும் ஓடியது. நின்று நின்று நகர்கின்றன, மனிதர் நடக்கிற வேகம் இல்லை, விமானமும் இல்லை. "வேற்றுக் கிரகத்தார் அணையை ஆராய்கிறார்களா?" என்று ஒருவர் பின்னணி இசையோடு கேட்டிருந்தார். மேசையில் எல்லோரும் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோப்பு தேவைப்படவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்குகள் அவை. ஒரு மரத்தடியில் நின்று வெட்டி, அடுத்த மரத்துக்கு நகர்ந்து, மறுபடி நின்று வெட்டுவார்கள். அந்த விளக்கு ஒன்றின் வாரை நானே எத்தனையோ முறை தைத்துக் கொடுத்திருக்கிறேன். என் அப்பா அந்த வேலையில்தான் என்னைப் படிக்க வைத்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான்.

"லே சுபினே, கொள்ளாம்லே!" என்றார் செய்தி ஆசிரியர். "இனி பெட்டி உனக்கு."

அன்றைக்கு நான் சரியாகச் சொன்னது அறிவியல் தெரிந்ததால் அல்ல. அந்த வெளிச்சத்தின் அடியில் நின்று வேலை செய்கிறவரைத் தெரிந்ததால். இந்த வித்தியாசம் எனக்கு அப்போது புரியவில்லை. "விளக்கம் சொல்கிறவன்" என்று என்னை நானே நினைத்துக்கொண்டுவிட்டேன். அடுத்த ஐந்து வருடம் மேசையை விட்டு எழுந்திருக்காமல் விளக்கம் சொன்னேன்.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

மண்டைக்காட்டிலிருந்து உள்ளே தள்ளி, மேட்டின் மேல் ஒரு ஊர். அங்கே பதினொன்றாம் வகுப்பு படிக்கிற ஜெபிஷா என்ற பெண் பத்திரிகையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு கடிதத்தையும், நோட்டுப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களைப் படம் பிடித்தும் அனுப்பியிருந்தாள். மொட்டை மாடியில் உட்கார்ந்து நாவல் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் சூரியன் மறைந்த பிறகு, தென்மேற்கே கடலோடு ஒட்டிப் பச்சை நிறத்தில் ஒரு வெளிச்சம் பார்த்திருக்கிறாள். மேகத்தின் அடிவயிறு பச்சையாகத் தெரிந்தது என்று எழுதியிருந்தாள். அதன் பிறகு பதினான்கு நாள் தொடர்ந்து மாடியில் ஏறிக் குறித்திருக்கிறாள். தேதி, தொடங்கிய நேரம், திசை, நிறம், மேகம் உண்டா இல்லையா என்று கட்டம் போட்டு எழுதியிருந்தாள். பன்னிரண்டு நாள் வெளிச்சம் உண்டு. இரண்டு நாள் "இல்லை". இரண்டும் ஞாயிற்றுக்கிழமை. கடைசியில் ஒரு வரி: "இது என்ன என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்."

பறக்கும் தட்டு என்ற சொல் அந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை.

"தலைப்பு என்னலே?" என்றார் ஆசிரியர்.

"'கடல் மேல் பச்சை வெளிச்சம்: பதினான்கு நாள் குறித்த மாணவி'ன்னு வைக்கலாமா சார்?"

"அத எவன் படிப்பான்? 'குமரிக் கடலில் பறக்கும் தட்டு? மாணவி பரபரப்பு'ன்னு போடு."

"அவ அப்படிச் சொல்லல சார்."

"கேள்விக்குறி போட்டிருக்கோம்லா. கேள்விக்குறி போட்டா நம்ம சொன்னதும் ஆவாது, அவ சொன்னதும் ஆவாது. எழுது மக்கா, பக்கம் போகணும்."

பேராசிரியரைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர். "மேற்கே, அந்தி நேரம், பளிச்சென்று இருந்தால் வெள்ளியாக இருக்கலாம்" என்றார். "ஆனால் இந்த மாதம் வெள்ளி எப்போது தெரிகிறது என்று பார்க்க வேண்டும். நாளைக் காலையில் பார்த்துச் சொல்லட்டுமா?" நாளைக் காலையில் பத்திரிகை வீடுகளுக்குப் போயிருக்கும். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அவருடைய "இருக்கலாம்" என் விரலில் "தான்" ஆயிற்று. பச்சை நிறத்தை நான் அவரிடம் சொல்லவே இல்லை. சொன்னால் வெள்ளி கையை விட்டுப் போய்விடும் என்று உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும்.

செல்வினுக்கு மட்டும் உறுத்தியது. "வெள்ளி பச்சையாவா தெரியும்?"

"கடக்கரைக் காத்துல எல்லாம் தெரியும்லே. நீ பக்கத்தைக் கட்டு" என்றார் ஆசிரியர்.

பக்கம் கட்டியபோது செய்தியில் நான்கு வரி கூடியது. பெட்டியில் இரண்டு வரி குறைந்தது. இதுதான் நம் தொழில். எதுவும் அளவாக வருவதில்லை. செய்தியில் கூடிய நான்கு வரியை வெட்டினேன். மேகம் பச்சையாகத் தெரிந்தது போயிற்று. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. "தினமும்" என்று ஒரே சொல்லில் அடைத்தேன். பெட்டியில் குறைந்த இரண்டு வரிக்கு என்ன செய்வது? அவள் கடிதத்தில் "நாவல் படித்துக்கொண்டிருந்தபோது" என்று இருந்தது அல்லவா? எழுதினேன்: "மாயாஜால நாவல்களில் மூழ்கும் வளரிளம் பருவத்தினருக்கு இத்தகைய கற்பனைத் தோற்றங்கள் இயல்பு என்கின்றனர் உளவியலாளர்கள்."

எந்த உளவியலாளர்கள்? ஒருவரும் இல்லை. இரண்டு வரிப் பள்ளத்தை மூட நான் கொட்டிய மண் அது. உண்மையை இடமில்லை என்று வெட்டியவன், இடமிருக்கிறது என்று பொய்யை வைத்தேன். அவள் பெயர், வகுப்பு, ஊர் எல்லாம் முதல் பக்கத்தில் போட்டோம். ஏழரைக்குப் பக்கம் போயிற்று. நான் டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் பெருமைக்காக அப்பாவைக் கூப்பிட்டேன். முதல் பக்கத்தில் பெட்டி வந்தால் கூப்பிடுவது வழக்கம். டீக்கடையில் யாராவது அவருக்குப் படித்துச் சொல்லியிருப்பார்கள்.

"படிச்சுக் கேட்டேன் மக்கா. நல்லா இருந்து. ஆனா வெள்ளியா போட்டிருக்க? வெள்ளி இப்போ விடியக்காலம்லா உதிக்குது. வெட்டுக்குப் போவும்போ கெழக்கால மரத்துக்கு மேல நிக்குது, தினமும் பாக்கேன். அந்திக்கு ஏது?"

அப்பாவே தொடர்ந்தார். "இல்ல, பத்திரிகையில போட்டிருக்குன்னா சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் தெரியாம இருக்கும்."

முப்பது வருடம் வெள்ளியைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போன மனிதர், மகன் மேசையில் உட்கார்ந்து எழுதிய ஒரு பெட்டிக்காகத் தன் கண்ணைச் சந்தேகப்பட்டார். எங்கள் வீட்டில் அச்சில் வந்ததெல்லாம் உண்மை. நான் படித்தவன் என்பதால் அது இன்னும் உண்மை. அன்றைக்கே எனக்குத் தவறு தெரிந்துவிட்டது. அன்றைக்கே ஆசிரியரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்தால் யாருக்கும் ஞாபகம் இருக்காது என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். இந்தச் சமாதானத்தை நீங்களும் ஒரு நாள் செய்துகொள்வீர்கள். அப்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள். நமக்குத்தான் அது நேற்றைய பத்திரிகை. யாரைப் பற்றி எழுதினோமோ அவர்கள் வீட்டில் அது நேற்றையது ஆவதே இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்து அதே எண்ணுக்கு ஒரு செய்தி வந்தது. "நான் பறக்கும் தட்டு என்று எங்கே சொன்னேன் என்று காட்டவும். சொல்லவில்லை என்றால் அதைப் பத்திரிகையில் போடவும். ஜெபிஷா."

சனிக்கிழமை காலையில் அங்கே போனேன். எட்டு வருடத்தில் ஒரு பெட்டிச் செய்திக்காக நான் ஏறிய முதல் பேருந்து அது.

வீட்டு வாசலில் அம்மா நின்றார். அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் வேலை; முந்திரிப் பால் பட்டு விரல் நுனிகள் கறுத்திருந்தன. நான் யார் என்று சொன்னதும் உள்ளே வரச் சொல்லவில்லை.

"நீங்க எழுதிட்டுப் போயிட்டிய. ஆபீசுல என்னைத்தான் கேக்காளுவ. ஒங்க பிள்ளைக்கு மேல இருந்து ஆளு வருதாமேன்னு. யூடியூப்காரனுவ மைக்கத் தூக்கிட்டு வந்து மாடியில ஏறி, வானத்தக் கை காட்டு, வானத்தக் கை காட்டுன்னு பிள்ளைய நிக்க வச்சானுவ. பள்ளிக்கூடத்துல அவளுக்கு இப்போ பேரே தட்டுதான். 'ஏட்டி தட்டு, எப்போ பறக்கப் போற'ன்னு கேக்குதுவ."

"அம்மா, நான்..."

"நான் என்ன செய்ய? புஸ்தகந்தான் காரணம்னு பத்திரிகையில போட்டிருக்கே. எடுத்து ஆக்கர் கடைக்குப் போட்டேன். முப்பது ரூவா தந்தான். அஞ்சும் லைப்ரரி புஸ்தகம்னு பொறவுதான் இவ அழுதிட்டே சொல்லுகா. படிச்சவங்க போட்டது பொய்யாவா இருக்கும்?"

பழைய இரும்பும் பேப்பரும் எடுக்கிற ஆக்கர் கடைக்கு நான் பிறகு போய்ப் பார்த்தேன். மூட்டை முந்தின நாளே லாரியில் ஏறிவிட்டிருந்தது.

ஜெபிஷா உள்ளேயிருந்து வந்தாள். ஒல்லியான பெண், கையில் அந்த நோட்டு. அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள். அந்தக் கோபத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல் முறை மூச்சு வந்தது. அழுதிருந்தால் நான் அங்கே நின்றிருக்க மாட்டேன்.

"சார், நீங்கதானா எழுதினது? வெள்ளின்னு போட்டியளே, வெள்ளி ஞாயித்துக்கெழம லீவு எடுக்குமா?"

நோட்டைத் திறந்து என் முன்னால் நீட்டினாள்.

"ரெண்டு ஞாயிறும் இல்லன்னு எழுதியிருந்தேன். அதத்தான் முதல்ல பாப்பியன்னு நெனச்சேன். அதையே காணல. தினமும்னு போட்டிருக்கு."

"இடம் இல்லாம..."

"புஸ்தகம் படிச்சுக் கிறுக்குப் பிடிச்சுன்னு எழுத இடம் இருந்துல்லா?"

அந்த நேரத்தில் மீன்கார அக்கா ஒருவர் தலையில் சருவத்தோடு வந்து வாசலில் இறக்கி வைத்தார். "என்ன லீலா, சண்டையா? சாளை வேணுமா?" என்று கேட்டவர், விஷயம் என்ன என்று விசாரித்தார். அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். மீன்கார அக்கா நோட்டை வாங்கவில்லை. கை ஈரம். ஜெபிஷாவைப் படிக்கச் சொன்னார். நான்காவது கட்டத்திலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"எம் மக்ளே, இது கணவாய் மீனு பிடிக்க லைட்டு அடிக்கவனுவடீ! ஜெனரேட்டர் வச்சி பச்ச லைட்டு கத்தவிட்டுக் கடலப் பகலாக்குவானுவ. மீனெல்லாம் வெளிச்சத்துக்கு வந்து கூடும், அப்படியே வாரிட்டுப் போவானுவ. தடை செஞ்ச வேல. எங்க ஆளுவ வள்ளத்துல போனா வலையில ஒண்ணும் இருக்காது."

"ஞாயித்துக்கெழம?" என்றாள் ஜெபிஷா.

"ஞாயித்துக்கெழம எவன் கடலுக்குப் போவான்? சர்ச்சுல பூசைக்குப் போவாண்டாமா?"

எங்கள் மேசையிலிருந்து கடற்கரை அரை மணி நேரப் பயணம். எங்கள் பதிப்பு அலுவலகத்தின் பின்வாசலிலேயே தினமும் மீன் விற்கிறார்கள். கேட்டிருந்தால் ஒரு சாளையை எடை போடுகிற நேரத்தில் பதில் கிடைத்திருக்கும். சட்டத்தை மீறுகிறவன்கூட இந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமையை மீறுவதில்லை. அந்தப் பெண்ணின் நோட்டில் பதில் எழுதியே இருந்தது. நான்தான் நான்கு வரி கூடுகிறது என்று வெட்டி எறிந்தேன்.

"அப்போ எம் பிள்ளை பாத்தது நெசந்தானா?" என்றார் அம்மா.

"நெசமில்லாம? பதினாலு நாளு எழுதி வச்சிருக்காளே! எங்க ஆளுவ மீன்துறை ஆபீசுல மனு குடுக்கப் போனா, எந்த நாளு, எத்தன மணின்னு கேட்டுத் திருப்பி அனுப்புகானுவ. இதத்தான் எங்க ஆளுவ தேடிட்டு நடக்கானுவ. மக்ளே, இத ஒரு நகலு எடுத்துத் தருவியா?"

ஜெபிஷா தலையாட்டினாள். அம்மா மாடிப்படியைப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உள்ள வாங்க" என்றார் என்னிடம். அந்த இரண்டு சொல்லுக்கு நான் தகுதியானவன் இல்லை.

காப்பி குடிக்கும்போது ஜெபிஷாவிடம் கேட்டேன், அந்தப் புத்தகங்களில் அப்படி என்ன இருக்கிறது என்று. குற்றமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். காற்றைக் கட்டத் தெரிந்த ஒரு பதினைந்து வயதுப் பெண்ணைப் பற்றிய ஐந்து பாகத் தொடர் அது. அட்டைப் படத்தைப் பார்த்து நம் மேசையில் "குப்பை" என்று சொல்கிற வகை. நாங்கள் யாரும் அதில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.

"காத்தெல்லாம் சும்மா சார். எனக்குத் தெரியாதா காத்தக் கட்ட முடியாதுன்னு? அவ ஒண்ணு பாப்பா. ஊருல சொல்லுவா. எல்லாரும் சிரிப்பாங்க. முதல் பாகம் முழுக்கச் சிரிப்பாங்க. ரெண்டாம் பாகத்துல ஒரு ஆளு வருவாரு. சிரிக்க மாட்டாரு. 'எந்தத் திசையில பாத்த?'ன்னு கேப்பாரு. அந்த எடத்த நான் நாலஞ்சு தடவ படிச்சிருக்கேன்."

காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "உங்களுக்கு அனுப்பும்போ அந்த ஆளத்தான் நெனச்சேன்."

தம்பி தங்கைகளே, பதின்வயதுப் பிள்ளைகள் மாயக் கதைகளில் ஏன் விழுகிறார்கள் என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது நம் ஞாயிறு இணைப்பில் கட்டுரை போடுகிறோம். கைபேசி காரணம், தனிமை காரணம், உலகத்தை விட்டுத் தப்பித்து ஓடுகிறார்கள் என்று பெரியவர்கள் எழுதுகிறார்கள். எனக்கு இப்போது அதைப் படித்தால் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கே தப்பித்து ஓடினாள் அவள்? கடலைப் பார்த்து, கட்டம் போட்டு, பதினான்கு நாள் உண்மையை எழுதினாள். கோப்புக்குள் தப்பித்து ஓடியது நாங்கள். கற்பனையில் மூழ்கியது நாங்கள். இல்லாத உளவியலாளர்களைப் படைத்தது அவள் அல்ல, நான். அவள் படித்த கதையில் இருப்பதிலேயே நம்ப முடியாத மாயம், ஒரு பெரியவர் ஒரு பெண்பிள்ளையிடம் "எந்தத் திசையில்?" என்று கேட்டதுதான். அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான் நமக்குச் சம்பளம் தருகிறார்கள்.

திங்கட்கிழமை ஆசிரியரிடம் போனேன். இந்த மனிதரைப் பற்றி நான் கெட்டதாக மட்டும் சொல்ல மாட்டேன். வாக்கியம் எழுதக் கற்றுத் தந்தவர் அவர். என் அப்பாவுக்கு மருத்துவமனையில் இடம் பிடித்துத் தந்தவர். முழுவதும் கேட்டார்.

"சவத்த விடுலே. பதினஞ்சு நாளு ஆச்சு. இப்போ எதுக்குக் கிளறுக?"

"அவ பேரு முதல் பக்கத்துல போட்டோம் சார். அதே எடத்துல திருத்தம் போடணும். அவ சரியாப் பாத்தா, நாமதான் தப்பா எழுதினோம்னு."

"மூணு வரி போடலாம். ஒன்பதாம் பக்கம். பேரு போட முடியாது."

"ஏன் சார்?"

"பதினெட்டு வயசு ஆகாத பிள்ளை. பேரு போடக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

"முதல்ல போட்டோமே சார்?"

"அது பாராட்டிப் போட்டது."

அந்த அறையில் வேறு யாரும் இல்லை. இருந்திருந்தால் அதற்கு நான் திருப்பிச் சொன்னது இன்னும் மரியாதையாக இருந்திருக்கும். அவர் என்னை அடிக்க வரவில்லை, வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. "வெப்ராளப்படாத மக்கா" என்று பதற்றத்தைத் தணிக்கிறவர் போலச் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது. கோபப்பட்டிருந்தால் தவறு என்று அவருக்குப் புரிந்தது என்றாவது எடுத்துக்கொண்டிருப்பேன்.

ஒன்பதாம் பக்கத்தில், டெண்டர் விளம்பரத்துக்கும் காணாமல்போன சான்றிதழ் அறிவிப்புக்கும் நடுவில், மூன்று வரி வந்தது. "குமரிக் கடலில் தெரிந்த ஒளிக்கு வெள்ளி கிரகம் காரணமல்ல எனத் தெரியவந்துள்ளது." தெரியவந்துள்ளதாம். யாருக்கு, யாரால் என்பதற்கு இடமில்லை. நான் அதை வெட்டி எடுத்துக்கொண்டு போய் ஜெபிஷாவிடம் கொடுத்தேன்.

அவள் இரண்டு முறை படித்தாள். "தப்பா இருந்தப்போ என் பேரு இருந்து. சரியானப்போ என் பேரக் காணல" என்றாள். மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

வள்ளக்காரர்கள் கொடுத்த மனுவில் அவள் பெயர் இருந்தது. "செல்வி ஜெபிஷா குறித்து வைத்த விவரம் இணைப்பில்" என்று கையால் எழுதியிருந்தார்கள். அதன் மேல் என்ன நடவடிக்கை வந்தது என்று கேட்காதீர்கள். அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அந்த மனு கொடுத்த மறுநாள் மீன்கார அக்கா இரண்டு பெரிய கணவாயைக் கொண்டுவந்து, காசு வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனாராம். பள்ளிக்கூடத்தில் தட்டு என்ற பெயர் மட்டும் போகவில்லை. அது ஒரு திருத்தத்தில் போகிற பெயர் இல்லை.

மீதி இருந்தது நூலகம். ஐந்து பாகத்துக்கும் விலை கட்டினால்தான் அவளுடைய அட்டையும் அம்மாவுடைய அட்டையும் திரும்பக் கிடைக்கும். நான் பணத்தோடு போயிருந்தேன். அம்மா அன்றைக்கு அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். என் கையைப் பார்த்ததும் தள்ளிவிட்டார்.

"வேண்டாம். ஆக்கர் கடையில போட்டது நான்லா."

"நான் எழுதினதாலதானேம்மா போட்டீங்க?"

"எழுதினது நீங்க. நம்புனது நான். நான் நம்புனதுக்கு நான் குடுக்கேன்."

நூலகர் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பாகத்தின் விலையாகச் சொன்னார். முந்நூற்று ஐம்பது, இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது, முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது, நானூற்று ஐம்பது, முந்நூற்று இருபத்தைந்து. ஜெபிஷா கூட்டுத்தொகையை அவருக்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள். அம்மா கறுத்த விரலால் நோட்டுகளை இரண்டு முறை எண்ணி வைத்தார். சில்லறை பிறகு. பெட்டியில் குறைந்த என்னுடைய இரண்டு வரிக்கு, அந்த வீட்டில் ஆன செலவு ஆயிரத்து எண்ணூற்று இருபத்து மூன்று ரூபாய்.